திருத்தணி மீட்கப்பட்டதா, மாற்றிக்கொள்ளப்பட்டதா?

போன மாதம் அக்கா மகன் ஒரு சந்தேகத்தோடு வந்தான். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். "மாமா, பொலிவியாவுக்குத் தலைநகர் எது? கைடுல லா பாஸ்னு போட்டிருக்கான். இன்னொரு புக்குல சுக்ரேனு இருக்கு. எதை டிக் பண்றது?"

ரெண்டுமே சரிதான்டா என்றேன். அரசியல் சட்டப்படி தலைநகர் சுக்ரே. அரசாங்கம் உட்கார்ந்திருப்பது லா பாஸில். 1899-ல் முடிந்த உள்நாட்டுச் சண்டைக்குப் பிறகு ஆட்சி லா பாஸுக்குப் போய்விட்டது, உச்ச நீதிமன்றம் மட்டும் சுக்ரேயிலேயே தங்கிவிட்டது. அவனுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. நாலு ஆப்ஷன்ல ரெண்டு சரியா இருக்க முடியாதாம்.

கைடை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு நாட்டுக்கும் அரைப் பக்கம். நிலம், மக்கள், அரசு என்று மூன்று தலைப்பு. பொலிவியாவுக்கு முதல் குறிப்பே, தென் அமெரிக்காவில் கடற்கரை இல்லாத இரண்டு நாடுகளில் ஒன்று என்பது (மற்றது பராகுவே). சும்மா தள்ளிக்கொண்டே போனால், பின்னால் தமிழக வரலாற்றுப் பகுதியில் எங்க ஊர் வந்தது. அதுவும் ஒரே வரி: வடக்கெல்லைப் போராட்டம், ம.பொ.சி., திருத்தணி மீட்பு, 1960.

திருத்தணியில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பொலிவியா வரியிலும் திருத்தணி வரியிலும் இருக்கும் கோளாறு ஒன்றுதான் என்று தோன்றியது. இரண்டுமே நடந்த ஒரு சம்பவத்தை இயற்கையின் ஏற்பாடு மாதிரி சொல்கின்றன. இந்தக் கட்டுரை கைடு போடுகிறவர்களைத் திட்டுவதற்கு இல்லை. மேடையிலும் நினைவுநாள் கட்டுரைகளிலும் நாம் திருத்தணிக் கதையைச் சொல்கிற முறையையே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம் என்றுதான்.

கடல் இல்லாமல் போனது எப்படி

பொலிவியாவுக்குக் கடல் இருந்தது. அட்டகாமா பாலைவனத்தை ஒட்டி, அன்டோஃபகஸ்டா துறைமுகத்தோடு ஒரு கடற்கரை. 1879-ல் சிலியோடு மூண்ட போரில் அது கையைவிட்டுப் போனது. 1904 ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தும் விட்டார்கள். ஆனால் இன்றைக்கும் மார்ச் 23-ஐக் கடல் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கடற்படை வைத்திருக்கிறார்கள், அது டிட்டிகாகா ஏரியில் பயிற்சி செய்கிறது. 2009 அரசியல் சட்டத்தில், பசிபிக் கடலை அடையும் உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2018 அக்டோபர் 1-ம் தேதி, பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டிய சட்டக் கடமை சிலிக்கு இல்லை என்று 12-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

'கடற்கரை இல்லாத நாடு' என்று படிக்கும்போது இது எதுவுமே தெரியாது. ஏதோ மலை, பாலைவனம் மாதிரி அந்த நாட்டின் இயற்கையே அப்படி என்று நினைத்துக்கொள்வோம். 'எல்லையோர ஊர்' என்று திருத்தணியைச் சொல்வதும் இதே கதைதான். எல்லை இந்த மலையடிவாரத்துக்கு வந்தது 1953-ல். கோயில் அதற்கு ஆயிரம் வருஷம் முன்னாலேயே இருக்கிறது.

என்ன நடந்தது

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக.

1911 வரை திருத்தணி வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த வருஷம் ஏப்ரல் முதல் தேதி சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. அப்போது அது நிர்வாக வசதிக்கான ஏற்பாடு மட்டும்தான். இந்த மாவட்டமும் அந்த மாவட்டமும் ஒரே சென்னை மாகாணம், யாருக்கும் கவலையில்லை.

1952 டிசம்பர் 15-ல் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் இறந்தார். நாலே நாளில் ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். 1953 அக்டோபர் 1-ல் அமைந்தது. சித்தூர் மாவட்டம் முழுசாக ஆந்திரத்துக்குப் போனது, அதோடு திருத்தணியும் போனது. 1911-ல் ஒரு குமாஸ்தா வேலையாகப் போட்ட கோடு, 42 வருஷம் கழித்து மாநில எல்லையாகிவிட்டது.

இதை எதிர்த்துத்தான் ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகமும், மங்கலங்கிழார் போன்ற உள்ளூர் ஆசிரியர்களும், திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம் போன்றவர்களும் போராடினார்கள். ரயில் மறியல், கடையடைப்பு, சிறை எல்லாம் நடந்தது. வேங்கடம் வரைக்கும் கேட்டார்கள், அதாவது திருப்பதியும் சேர்த்து. தொல்காப்பியப் பாயிரம் வடவெல்லையாகச் சொல்வது வேங்கடத்தைத்தானே. அந்தப் பக்கமோ சென்னைப் பட்டணமே எங்களுடையது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரு மாநிலங்களும் பேசித் தீராததால் ஹெச்.வி. படாஸ்கர் நடுவராக நியமிக்கப்பட்டார். அவர் சொன்ன ஏற்பாட்டை வைத்து 1959-ல் எல்லை மாற்றச் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போனது.

1952-ல் எங்க ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டது சென்னை சட்டமன்றத்துக்கு. 1955-ல் ஆந்திர சட்டமன்றத்துக்கு. 1962-ல் மறுபடி சென்னை சட்டமன்றத்துக்கு. பத்து வருஷத்தில் மூணு தேர்தல், ரெண்டு மாநிலம், வீடு மட்டும் அதே இடத்தில். திருத்தணியில் தெலுங்குக் குடும்பம் ஒன்றில் 1888-ல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1952 முதல் 1962 வரை துணைக் குடியரசுத் தலைவர். அவர் அந்த ஒரே பதவியில் இருக்கும்போது அவருடைய பிறந்த ஊர் இரண்டு தடவை மாநிலம் மாறியது.

விட்டுப்போன பாதி

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி மட்டும் வரவில்லை. அதே நாள், அதே சட்டத்தின் கீழ், இந்தப் பக்கத்திலிருந்தும் கிராமங்கள் போயின. செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்குப் போனது. சேலம் மாவட்டத்திலிருந்தும் சில கிராமங்கள் போயின. சட்டத்தின் பெயரே எல்லை 'மாற்ற'ச் சட்டம். வாங்கியதும் கொடுத்ததும் ஒரே காகிதத்தில் இருக்கிறது.

நம் கதைகளில் வாங்கியது மட்டும்தான் இருக்கும். கைடிலும் சரி, மேடைப் பேச்சிலும் சரி, 'மீட்பு' என்ற ஒரே சொல். சத்தியவேடு என்ற பெயரை எங்கேயும் பார்க்க முடியாது. மீட்பு என்றால் அடகு வைத்ததை வட்டி கட்டித் திருப்புவது மாதிரி ஒரு படம் மனதில் விழுகிறது. நம்ம பொருள், நம்ம கைக்கு வந்தது, கணக்கு முடிந்தது. மாற்றிக்கொண்டோம் என்று சொன்னால் உடனே அடுத்த கேள்வி வரும்: எதைக் கொடுத்தோம், அங்கே இருந்தவர்கள் யார்? அந்தக் கேள்வி வராமல் 'மீட்பு' பார்த்துக்கொள்கிறது.

எங்க வீட்டுக்கே இது சொந்த விஷயம். வீட்டில் பேசுவது தெலுங்கு, தெருவில் தமிழ். அவ்வா பிறந்தது சத்தியவேடு பக்கம் ஒரு கிராமம், வாழ்க்கைப்பட்டது திருத்தணியில். 1960 மார்ச் 31 வரை அவள் இருந்தது ஆந்திரா, பிறந்த வீடு மெட்ராஸ். மறுநாள் காலையில் அவள் மெட்ராஸ், பிறந்த வீடு ஆந்திரா. ஒரே ராத்திரியில் அம்மா வீடும் மாமியார் வீடும் மாநிலத்தை மாற்றிக்கொண்டன. அவள் இருக்கிற இடத்துக்குப் பிறந்த வீடு எப்போதும் வேற மாநிலம். "என்னைக் கேட்டா போட்டாங்க" என்பாள், அவ்வளவுதான். கோபமும் இல்லை, பெருமையும் இல்லை. நான் அதற்குமேல் கேட்காமல் விட்டது என் தப்பு. இப்போது கேட்க அவள் இல்லை.

தெலுங்குப் பக்கக் கதையும் இதே மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டதுதான். 'மதராசு மனதே' என்று கேட்டதும், கேட்டது கிடைக்காத வருத்தமும் அங்கே நினைவாக இருக்கிறது. திருத்தணியை இழந்தோம் என்பார்கள். சத்தியவேடு கிடைத்ததைச் சொல்ல மாட்டார்கள். ரெண்டு பக்கமும் இழப்பை மட்டும் சொந்தம் கொண்டாடினால் கணக்கு எப்படி உதைக்காமல் இருக்கும்?

படாஸ்கர் அளவுகோல்

படாஸ்கர் ஏற்பாட்டைத் தமிழில் பெரும்பாலும் ஒரு பெயராக மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது எப்படி வேலை செய்தது என்பதில்தான் சுவாரஸ்யம். மாவட்டத்தையோ தாலுகாவையோ மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காமல் கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு கிராமத்தில் எந்த மொழிக்காரர்கள் அதிகமோ அந்த மாநிலம். ஆனால் அந்தக் கிராமம் மாநிலத்தோடு நிலத்தால் தொடர்ச்சியாக ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் தீவு மாதிரி விட முடியாது.

1953-ல் மாவட்டத்தையே வெட்டிக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ நியாயமான முறை. பெல்காம் வழக்கில் மகாராஷ்டிரம் இன்றைக்கும் இதே அளவுகோலைத்தான் காட்டுகிறது. அதனால் இதைக் குறை சொல்லும்போது, இதைவிட மோசமான முறைதான் அதற்கு முன்னால் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

குறை இல்லாமல் இல்லை. அன்று கையிலிருந்தது 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதில் தாய்மொழி என்று ஒன்றைத்தான் தலைக்கு எழுதி எண்ணினார்கள். வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று பேசுகிறவனும் ஏதாவது ஒரு மொழிக்குள் போயாக வேண்டும். நூறு பேரில் 55 பேர் தமிழ் என்றால் கிராமம் தமிழ்க் கிராமம். மிச்சம் 45 பேர் கணக்கிலிருந்து காணாமல் போவார்கள். ஏப்ரல் முதல் தேதிக்கு முன்னால் ஆந்திரத்தில் தமிழர்கள் சிறுபான்மை, ஏப்ரல் முதல் தேதிக்குப் பின்னால் தமிழ்நாட்டில் தெலுங்கர்கள் சிறுபான்மை. கோட்டை எவ்வளவு கவனமாகப் போட்டாலும் தவறான பக்கத்தில் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதுதான் அடுத்த கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

நிலம், மக்கள், அரசு

கைடின் மூன்று தலைப்பையும் எங்க ஊருக்குப் போட்டுப் பார்த்தேன்.

நிலம். கொசஸ்தலை ஆறு எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. ஆந்திரப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்துவிட்டால் பள்ளிப்பட்டு பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கும். நகரி ஆறும் அங்கிருந்துதான் இறங்கி வருகிறது. இந்தத் தண்ணீர் பூண்டி ஏரிக்குப் போய்ச் சென்னைக்குக் குடிநீராகிறது. 2022-ல் ஆந்திர அரசு கொசஸ்தலையில் இரண்டு அணை கட்ட யோசித்தபோது தமிழக முதல்வர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆறு ஒன்று, அதற்கு அரசு இரண்டு.

மக்கள். பஸ் ஏறினால் நகரி கொஞ்ச தூரம்தான். நகரி, புத்தூரிலும் விசைத்தறி, இந்தப் பக்கம் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பத்திலும் விசைத்தறி. பெண் எடுப்பது கொடுப்பது ரெண்டு பக்கமும் உண்டு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி வருகிறவர்களில் பாதிப் பேர் தெலுங்கு பேசுகிறார்களோ என்று தோன்றும். ஆர்.கே. பேட்டை என்று நாம் சுருக்கிச் சொல்லும் ஊரின் முழுப்பெயர் ராமகிருஷ்ணராஜுப்பேட்டை. இனிஷியலுக்குள் ஒரு ராஜு ஒளிந்திருக்கிறார்.

அரசு. இது மட்டும்தான் கோட்டில் சரியாக நிற்கிறது. ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம், பட்டா, போலீஸ் ஸ்டேஷன். இங்கே தமிழ், அங்கே தெலுங்கு.

ஆக மூன்று தலைப்பில் ஒன்றுதான் எல்லைக்கு அடங்குகிறது. நம் எல்லை வரலாறோ மூன்றும் ஒன்றாகவே நகர்ந்தது மாதிரி எழுதப்படுகிறது.

பள்ளிக்கூட விஷயம்

இது வெறும் பழங்கதை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். மாநிலங்கள் மொழிவழி பிரிந்த 1956-லேயே, ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அது. கோட்டைப் போட்டவர்களுக்கே கோட்டின் தவறான பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள் என்று தெரிந்திருந்தது.

நடைமுறை வேற. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. சிறுபான்மை மொழிப் பள்ளி மாணவர்கள் பொதுத்தேர்வில் தமிழ்த் தாளுக்கு விலக்குக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். தமிழ்நாட்டில் வாழ்கிற பிள்ளை தமிழ் படிப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. நான் எழுதுவதே அதில்தான். ஆனால் தமிழைக் கொடுக்கும்போது தெலுங்கைப் பிடுங்க வேண்டியதில்லை. ஆந்திரத்தில் நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நாம் இதே நியாயத்தைத்தானே கேட்போம்? அங்கே கேட்பதை இங்கே மறுத்தால், கேட்கிற வாய்க்கு எடை இருக்காது.

இங்கேதான் பொலிவியாவிடம் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு கோடிக்குக் கொஞ்சம் மேல் ஜனத்தொகை உள்ள அந்த நாட்டின் 2009 அரசியல் சட்டம், ஸ்பானிஷோடு கெச்சுவா, ஐமாரா, குவாரானி உட்பட 36 பூர்வகுடி மொழிகளையும் ஆட்சிமொழி என்கிறது. ஒவ்வொரு மாகாண அரசும் குறைந்தது இரண்டு மொழியையாவது பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டத்தில் எழுதினால் எல்லாம் நடந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டம் தன் ஜனங்களைப் பார்க்கிற கோணம் வேற. கடலை இழந்ததற்காக ஆண்டுதோறும் துக்கம் கொண்டாடுகிற அதே நாடு, உள்ளே ஒரு மொழிக்கு மேல் இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கிறது. நாம் முதலாவதில் பொலிவியா மாதிரி இருக்கிறோம், இரண்டாவதில் இல்லை.

ஒரு மறுப்பும் பதிலும்

நண்பர் ஒருவரிடம் இதைப் பேசியபோது கொஞ்சம் கோபப்பட்டார். "அவங்க ஜெயிலுக்குப் போய் வாங்கிக் கொடுத்த ஊர்ல உக்காந்துக்கிட்டு மீட்புனு சொல்லாதேங்கிறியா?" என்றார். நியாயமான கோபம்.

போராட்டம் இல்லாமல் 1960 வந்திருக்காது. மாவட்டமே மொத்தமாகப் போனதை அப்படியே விட்டிருந்தால் படாஸ்கருக்கே வேலை இருந்திருக்காது. கிராமம் கிராமமாகப் பாருங்கள் என்ற இடத்துக்கு டெல்லியை இழுத்து வந்தது இங்கே நடந்த கிளர்ச்சிதான். ம.பொ.சி. தன் வரலாற்றில் அதைப் போராளியின் கண்ணிலிருந்து எழுதினார், அவர் அப்படித்தான் எழுத முடியும். என் குறை பின்னால் வந்தவர்கள் மேல். அறுபது வருஷம் கழித்தும் நாம் அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, அவர் பார்த்த திசையில் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போராட்டத்தின் வெற்றியைச் சொல்லுங்கள். அதன் விலையையும் பக்கத்திலேயே சொல்லுங்கள். விலையை மறைத்தால் வெற்றி பெரிதாகிவிடாது.

1960-ல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இன்று எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இந்தப் பக்கமும் சத்தியவேடு பக்கமும் அந்த ஏப்ரல் முதல் தேதியை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருப்பார்கள். அன்று எந்தப் பள்ளிக்கூடத்தில் பாஷை மாறியது, வாத்தியார்கள் என்ன ஆனார்கள், கோர்ட்டில் நடந்துகொண்டிருந்த வழக்கு எந்த ஊருக்குப் போனது என்றெல்லாம் அவர்களால்தான் சொல்ல முடியும். நான் திருத்தணியில் நாலு பேரைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருக்கிறேன். சத்தியவேடு பக்கம் உறவு இருப்பவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். எனக்கும் அனுப்பினால் சந்தோஷம்.

அக்கா மகனுக்கு ஒரு பதில் பாக்கி இருந்தது. பரீட்சையில் 'திருத்தணி மீட்பு' என்று கேட்டால் 1960 என்றே டிக் பண்ணு, மார்க் போயிடும் என்று சொல்லிவிட்டேன். கைடின் ஓரத்தில் பென்சிலால் 'சத்தியவேடு போனதும் அன்றுதான்' என்று எழுதினேன். "இது சிலபஸ்ல இருக்கா மாமா?" என்றான். இல்லை, உன் கொள்ளுப்பாட்டி ஊர் அது என்றேன்.